ரசவாதிகளின் அரண்மனையில் என் சிவப்பு நூல்

சங்கரன்கோவிலில் சாயப்பட்டறை வைத்திருக்கும் யாரும் இதுவரை பிராக் நகரத்து அரண்மனைக்குள் வேட்டி கட்டிக்கொண்டு நுழைந்ததில்லை. நான் நுழைந்தேன். நாலாம் வகுப்போடு சிலேட்டைத் தூக்கிப் போட்டுவிட்டுச் சாயத் தொட்டிக்குத் தண்ணீர் சுமக்கப் போனவன் நான். இன்றைக்கு சிவகிரி, ராயகிரி வரைக்கும் நான் சாயம் முக்கிய நூலில் தறி ஓடுகிறது. வெளிநாடு போய் வந்தவர்கள் எழுதுவதையெல்லாம் என் மகள் வாசிக்கக் கேட்டிருக்கிறேன். பாலம் பார்த்தோம், கோபுரம் பார்த்தோம் என்று எழுதுகிறார்கள். அங்கே போய் எதை நக்கிப் பார்த்தோம் என்று ஒருவரும் எழுதவில்லை. நான் சொல்லச் சொல்ல மகள் எழுத, அந்தக் குறையை நான் தீர்க்கிறேன்.

செக்கோஸ்லோவாகியாவில் தறி இயந்திரக் கண்காட்சி என்று எங்கள் பக்கத்துத் தறிக்காரர்கள் கிளம்பினார்கள். அவர்களுக்குத் தறி பார்க்கிற ஆசை. என் பைக்குள்ளோ வேறு காரியம் இருந்தது: என் பட்டறையில் முக்கி எடுத்த சிவப்பு நூலில் ஒரு சிட்டம், வளையமாகச் சுற்றிய ஒரு கட்டு.

விஷயம் இதுதான். போன ஆடித்தபசுத் திருவிழா அன்று, சாமி காட்சி கொடுக்கிற நேரத்தில் நல்ல மழை பிடித்தது. கூட்டத்தில் நின்ற பெண்களில் என் சிவப்பு நூலில் நெய்த சேலை கட்டியிருந்தவர்களுக்கெல்லாம் கை சிவப்பு, கழுத்து சிவப்பு, இடுப்பில் இருந்த பிள்ளையின் கன்னமும் சிவப்பு. மறுநாள் காலையில் நெசவாளர்கள் பட்டறை வாசலில் நின்றார்கள். "ஏன் அண்ணாச்சி, சேலைக்குச் சாயம் போட்டீயளா, ஊருக்கே சாயம் போட்டீயளா?" என்று ஒருவன் கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. தீபாவளி நெசவுக்கு நூல் கொடுப்பதற்குள் சிவப்பு நிற்காவிட்டால் புளியங்குடிப் பட்டறைக்குப் போய்விடுவோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மற்றக் கலரெல்லாம் யார் வேண்டுமானாலும் போடுவான். சிவப்பு போனால் என் பட்டறை போன மாதிரி.

கண்காட்சியில் சாயக் கம்பெனிக்காரர்கள் கோட்டு சூட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். சிட்டத்தைக் காட்டினேன். ஒருவர் வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார். "சாயம் நல்ல சாயம். உங்கள் ஊர்த் தண்ணீரைப் பாருங்கள்" என்று சொல்லி, வழவழப்பான படப் புத்தகம் ஒன்றும் ஒரு பேனாவும் கொடுத்தார். நான் எழுதுகிறவனா, பேனா கொடுக்க? தண்ணீரை மாற்ற வேண்டுமென்றால் ஊரையே அல்லவா மாற்ற வேண்டும்!

இரண்டு நாள் கழித்து எல்லாரையும் பிராக் நகரத்துக்குக் கூட்டி வந்தார்கள். அங்கே எனக்கும் சிவகிரி சண்முகையாவுக்கும் வழிகாட்டியாக வந்தவளைப் பார்த்து அசந்துபோனேன். ஹெலெனா என்று பெயர். கல்லூரியில் தமிழ் படிக்கிற வெள்ளைக்காரப் பெண். "வணக்கம் ஐயா. தாங்கள் நலமாக வந்து சேர்ந்தீர்களா?" என்றாள். சண்முகையா தறி வைத்திருக்கிறவன், என்னைவிட இளையவன், வாய் மட்டும் மூத்தது. என் காதில் சொன்னான்: "அண்ணாச்சி, கோயில் கல்வெட்டு எந்திரிச்சு வந்து பேசுத மாதிரில்லா இருக்கு!"

முதல் நாள் சாப்பாடு ஒரு பெரிய சங்கதி. மாவை நீளமாக உருட்டி, வேகவைத்து, துண்டு போடுகிறார்கள். கத்தியால் இல்லை, நூலால்! சமையல்கார அம்மாள் நூலை அடியில் கொடுத்து மேலே குறுக்காக இழுத்தாள். துண்டு தனியாக வந்து விழுந்தது. நான் சாப்பாட்டை விட்டுவிட்டு அந்த நூலைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். நல்ல முறுக்கு. இதைச் சாப்பாட்டுக்கு வீணாக்குகிறார்களே என்றிருந்தது. துண்டைத் தின்றால் இட்லிக்குச் சித்தப்பா முறை வரும், ஆனால் புளிப்பு கிடையாது. நான் பையிலிருந்து பருப்புப் பொடியை எடுத்துத் தூவினேன். ஹெலெனாவும் தொட்டுத் தின்று பார்த்தாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது. "ஐயா, இது மிகவும் வீரியம் உடையது" என்றாள்.

மறுநாள் அரண்மனைக்குக் கிளம்பினோம். பூமிக்கு அடியில் ஓடும் ரயிலுக்கு இறங்க, ஓடுகிற படிக்கட்டு வைத்திருக்கிறார்கள். கிணற்றுக்குள் இறங்குகிற மாதிரி ஆழம், வேகமும் அப்படி. கீழே போய்ச் சேருகிற இடத்தில் என் வேட்டி முனையைப் படிக்கட்டு கவ்விக்கொண்டது. நான் வேட்டியைப் பிடிக்க, சண்முகையா என்னைப் பிடிக்க, "விட்டுருங்க அண்ணாச்சி, வேட்டி போனா போவுது!" என்று அவன் கத்த, "போனா நான் எங்கனலே போவேன்!" என்று நான் கத்த, முழம் வேட்டி கிழிந்ததோடு தப்பித்தேன். பின்னால் வந்த கிழவி ஒருத்தி பையைத் திறந்து ஊக்கு ஒன்றை எடுத்தாள். குனிந்து கிழிசலைச் சேர்த்துக் குத்தினாள். பையை மூடிக்கொண்டு நடந்துவிட்டாள். நம்மூர் பஸ் ஸ்டாண்டாக இருந்தால் ஊக்கு வருமுன் கூட்டம் வந்திருக்கும்.

அரண்மனை மலைமேல் இருக்கிறது. ஒரு ஊரே உள்ளே அடங்கும். மதிலோரமாகப் பொம்மை வீடு மாதிரிச் சின்னச் சின்ன வீடுகள், மஞ்சளும் நீலமுமாய். தங்கச் சந்து என்று பெயராம். "இங்கேதான் தங்கம் செய்தார்களா?" என்று கேட்டேன்.

"அவ்வாறு மக்கள் கூறுவர் ஐயா. உண்மையில் இங்கே காவலர்கள் குடியிருந்தனர்" என்றாள் ஹெலெனா. பொய் சொல்லாத பெண். ஆனால் அதைக் கேட்டதும் எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

"ஆனால் தங்கம் செய்ய முயன்ற ரசவாதிகள் இருந்தது மெய். வாருங்கள்" என்று, மலைச் சரிவில் இருந்த ஒரு சின்ன மியூசியத்துக்குக் கூட்டிப்போனாள். நுழைந்ததும் எனக்குப் போன உற்சாகமெல்லாம் திரும்பி வந்தது. அது மியூசியமா? பட்டறை! கோபுரம் மாதிரி உயர்ந்த மண் அடுப்பு. நம் நாட்டு வைத்தியர்கள் தைலம் வடிக்கிற வாலை மாதிரி மூக்கு நீண்ட கண்ணாடிக் குடுவைகள். குறடு, துருத்தி, உலோகம் உருக்குகிற மூசை. பழங்காலத்தில் இருந்தபடியே செய்து வைத்திருக்கிறார்கள். தொட்டிதான் இல்லையே தவிர, என்னை அங்கே விட்டால் மறுநாளே வேலை தொடங்கியிருப்பேன்.

வெள்ளைக் கோட்டுப் போட்ட நோவாகோவா அம்மாள்தான் அந்த மியூசியத்துக்கு எல்லாம். பழைய பட்டறையைப் பார்த்துக்கொள்வதும் அவர், அரண்மனையின் பழைய துணிகளைப் பழுது பார்ப்பதும் அவர். ரசாயனம் படித்தவர். அவர் சொல்லச் சொல்ல ஹெலெனா தமிழில் சொன்னாள்.

நானூறு வருஷத்துக்கு முந்தி அங்கே ஒரு ராஜா. நாட்டை ஆளுவதைவிட அடுப்பு எரிப்பதில்தான் அவருக்கு ஆசை. ஈயத்தைத் தங்கமாக்குகிறேன் என்று எந்த நாட்டிலிருந்து எவன் வந்தாலும் சோறு போட்டு, அடுப்பும் கொடுப்பாராம். ஆனால் வந்தவனை நேரே விடமாட்டார்கள். அரண்மனை வைத்தியர் முதலில் சோதனை வைப்பார். சிலபேர் கிண்டுகிற கம்பியின் துளைக்குள் தங்கத் தூளை அடைத்து, நுனியை மெழுகால் மூடிக்கொண்டு வருவார்கள். சூட்டில் மெழுகு உருகும்; தூள் மூசைக்குள் விழும்; "பார், தங்கம்!" என்பார்கள்.

"நம்ம பக்கத்துல ரசமணி கட்டுதேன்னு வந்த சாமியாருக்கு இவுக சொந்தக்காரங்க போல" என்றான் சண்முகையா.

"பிடிபட்டா?" என்று கேட்டேன்.

"கோபுரத்துச் சிறை" என்றாள் ஹெலெனா. பிடிபடாதவர்களுக்கும் அதே கதிதான் சில சமயம். ரகசியம் வெளியே போய்விடக்கூடாது என்று ராஜா பூட்டி வைத்துவிடுவாராம்.

தங்கம் வந்ததா என்றால், வரவே இல்லை. ஆனால் அத்தனை வருஷம் அடுப்பு எரிந்தது சும்மா போகவில்லை என்றார் அந்த அம்மாள். உலோகத்தைக் கரைக்கிற திராவகங்களைக் கையாளுகிற பழக்கம், புது மருந்து, புதுக் கலர் என்று வேறென்னென்னவோ வந்ததாம். அந்த ராஜாவிடம் கொஞ்ச காலம் இருந்த டச்சுக்காரர் ஒருவர் பிறகு லண்டன் ராஜாவிடம் போனார். ஜன்னலோரம் ஒரு சட்டியில், பூச்சியை இடித்து எடுத்த சிவப்புச் சாறு வைத்திருந்தாராம். பக்கத்தில் இருந்த திராவகக் குப்பி உடைந்து, ஜன்னலின் வெள்ளீயச் சட்டத்தைக் கரைத்து, சட்டிக்குள் சொட்டியது. மங்கலாக இருந்த சாறு நெருப்பு மாதிரிச் சிவந்துவிட்டது!

"வெள்ளீயம்! ஏலே சண்முகையா, கேட்டியா? வெள்ளீயம்!" என்று அவன் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"கேட்டேன், கேட்டேன். ஊருக்குப் போனதும் ஈயம் பூசுதவரைப் பங்காளியாச் சேர்த்துக்கிடுவோம்" என்றான்.

நோவாகோவா அம்மாள் தலையை ஆட்டினார். அது கம்பளிக்கும் பட்டுக்கும், அதுவும் அந்தப் பூச்சிச் சாயத்துக்கு. பருத்தியில் நான் போடுகிற சாயத்துக்கு வெள்ளீயம் ஒன்றும் செய்யாதாம். ஏறின வேகத்தில் இறங்கிவிட்டேன்.

என் முகம் வாடியதைப் பார்த்தாரோ என்னவோ, கண்ணாடிப் பெட்டியைத் திறந்து, அந்தக் காலத்துச் சாயக்காரர்கள் பயன்படுத்திய சாமான்களைத் தட்டுத் தட்டாக எடுத்து மேசையில் வைத்தார். படிகாரம் இருந்தது, கண்டதுமே தெரிந்தது. நீலக் கட்டியாகத் துரிசு இருந்தது. அதற்குப் பக்கத்தில் வெள்ளையாக, கற்கண்டுத் தூள் மாதிரி ஒன்று. அது மட்டும் தெரியவில்லை.

சாயக்காரனுக்குத் தெரியாத சாமான் எதிரே இருந்தால் என்ன செய்வான்? எங்கள் பட்டறையில் காரம் சரியா, உப்பு சரியா என்று நுனி நாக்கில் வைத்துத்தான் பார்ப்போம். எங்கள் சுற்று வட்டாரத்திலேயே என் நாக்கு மாதிரி நாக்கு கிடையாது. விரல் தானாகப் போனது. தானாக நாக்குக்கு வந்தது.

"சீனில்லா இது!" என்றேன்.

நோவாகோவா அம்மாள் போட்ட சத்தத்தில் குடுவைகள் அதிர்ந்தன. என் தாடையைப் பிடித்துக் குழாயடிக்கு இழுத்துக்கொண்டு போனார். துப்பு, கொப்பளி, துப்பு. ஹெலெனாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "ஐயா, தாங்கள் சுவைத்தது ஈயச் சர்க்கரை! நஞ்சு! நஞ்சு!"

"நஞ்சையாவது புஞ்சையாவது, ஆளுக்கு என்ன ஆகும்னு சொல்லு தாயி!" என்று சண்முகையா அலறினான். பிறகு என் பக்கம் திரும்பி, "அரண்மனைக்கு வந்தவுக எல்லாரும் கண்ணால பாப்பாக. நீங்க மட்டும் நக்கிப் பாக்கணுமாக்கும்! மதினிக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?" என்றான். பாதித் திட்டு, பாதி அழுகை.

டாக்டர் வந்தார். நாக்கைப் பார்த்தார், நாடியைப் பார்த்தார். பொட்டளவுதான் பட்டிருக்கிறது, உடனே துப்பியாயிற்று, பயமில்லை என்றார். இனிமேல் தெரியாததை நாக்கில் வைத்தால் ஊர் போய்ச் சேரமாட்டாய் என்றும் சொன்னார். ஒரு டம்ளர் பால் கொடுத்தார்கள். அந்த ஊரில் நான் குடித்த நல்ல பால் அதுதான்.

டாக்டர் போனதும் நோவாகோவா அம்மாளுக்கு உயிர் வந்தது. நாற்காலியில் உட்கார்ந்து சிரிக்கத் தொடங்கினார். அந்த ராஜாவின் பட்டறைகளிலும் இதே கதைதானாம். இனிக்கிறதா, புளிக்கிறதா, சுடுகிறதா என்று நக்கித்தான் இன்னது என்று சொல்வார்களாம். பல்லைத் தொலைத்தவர்கள் உண்டு, புத்தியைத் தொலைத்தவர்கள் உண்டு. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ராஜாவிடம் சம்பளம் வாங்கினவர்களும் என் தொழில்காரர்கள்தான்!

சிரிப்பு அடங்கியதும் அந்த அம்மாள் ஹெலெனாவிடம் மெதுவாக ஏதோ சொன்னார். பெட்டியைத் திறந்து விருந்தாளி முன்னால் வைத்தது தன் தவறு, மேலிடத்துக்குப் போனால் தனக்குத் தொல்லை, நான் புகார் கொடுப்பேனா என்று கேட்டாராம்.

"என்ன புகார்? என் விரல், என் நாக்கு. புகாரெல்லாம் இல்லை" என்றேன். "ஆனா அவுகளுக்குத் துணி வைத்தியம் தெரியும்ன்னியே? என் சிவப்பைக் கொஞ்சம் பாக்கச் சொல்லு." பையிலிருந்து சிட்டத்தை எடுத்து நீட்டினேன்.

உள்ளறைக்குக் கூட்டிப்போனார். அங்கே பழைய கொடிகளும் திரைகளும் நோயாளிகள் மாதிரிப் படுத்துக் கிடந்தன. என் நூலை நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்தினார். துணி சிவந்தது. ஆடித்தபசு மழை மறுபடியும் என் கண்முன் பெய்தது.

எப்படி முக்குகிறாய் என்று கேட்டார். சொன்னேன். முதல் தொட்டியில் நூல் வெளிர் மஞ்சளாக வரும். ஐஸ் போட்ட இரண்டாவது தொட்டியில் இறக்கினால் பார்த்துக்கொண்டிருக்கும்போதே குபீரென்று சிவக்கும். "உங்க ராஜா அதைப் பார்த்திருந்தா எனக்கு ஒரு கோபுரம் கொடுத்திருப்பாரு" என்றேன்.

"பூட்டுறதுக்கா?" என்றான் சண்முகையா.

"அதன் பிறகு சோப்பிட்டுக் கொதிக்க வைப்பீர்களா?" என்று ஹெலெனா கேட்டுச் சொன்னாள்.

"கொதிக்க வைக்கவா? சாயம் போட்டதைக் கொதிக்க வைப்பானா? பச்சைத் தண்ணீரில் அலசி நிழலில் காயப்போடுவேன்."

ஏன் என்றார். ஏனென்றால் எங்கள் கிணற்றுத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, திரிந்த பால் மாதிரி மிதக்கும். அது மட்டும் இல்லை. தொடக்கத்தில் ஒரு தடவை கொதிக்க வைத்தேன். தண்ணீரெல்லாம் சிவப்பு. நான் போட்ட சாயம், என் கண்முன்னால் சாக்கடையில் ஓடியது. வயிறு எரிந்துபோய் அன்றோடு நிறுத்தினேன்.

அந்த அம்மாள் என்னை முன்னறைக்குக் கூட்டிவந்து ஒரு சின்னக் கிண்ணத்தைக் காட்டினார். எலும்புச் சாம்பலில் செய்தது. ரசவாதி தங்கம் என்று எதைக் கொண்டுவந்தாலும், ராஜாவின் ஆட்கள் அதை ஈயத்தோடு சேர்த்து இந்தக் கிண்ணத்தில் வைத்து நெருப்பில் உருக்குவார்களாம். செம்பு, தகரம் எல்லாம் ஈயத்தோடு சேர்ந்து சாம்பல் கிண்ணத்துக்குள் இறங்கிவிடும். கடைசியில் நிற்பதுதான் தங்கம். ரசவாதிகள் இந்தக் கிண்ணத்தைக் கண்டால் நடுங்குவார்கள். போவதைப் பார்க்க அவர்களுக்கு மனசு வராது.

"உங்கள் நூலிலும் அப்படியே. இழைக்குள் புகுந்த சாயம் போகாது. மேலே ஒட்டியிருப்பதுதான் மழையில் ஓடுகிறது. அதை நீங்களே முதலில் ஓட்டிவிடுங்கள் என்கிறார்" என்றாள் ஹெலெனா.

இருந்தது ஒரே சிட்டம். கொதிக்க வைத்து எல்லாமே போய்விட்டால், என் சிவப்பு முழுப் பொய் என்று நானே பார்த்துவிடுவேன். அந்தப் பயம் அந்த அறையில் இருந்த யாருக்கும் புரியாது. சண்முகையாவுக்கு மட்டும் புரிந்தது. அவன் கேலி பண்ணவில்லை. "போடுங்க அண்ணாச்சி. போவுதது இங்கனயே போவட்டும். தீபாவளிக்கு நம்ம பிள்ளைக உடம்புல போவுததுக்கு இது தேவலை" என்றான்.

உள்ளறை அடுப்பில் போட்டோம். அந்த அம்மாள் தண்ணீரில் முதலில் சலவைச் சோடாவைக் கரைத்தார். எங்கள் ஊர்த் தண்ணீராக இருந்தாலும் சோடா அதன் முரண்டை அடக்கும், பிறகு சோப்பு வேலை செய்யும் என்றார். கொதித்தது. தண்ணீர் ரத்தமாய்ச் சிவந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஊற்றிவிட்டு மறுபடி கொதிக்க வைத்தார். ரோஜா நிறம். மறுபடியும். இந்தத் தடவை தண்ணீர் தண்ணீராகவே கொதித்தது.

சிட்டத்தைத் தூக்கினார். அடடா! வெளுத்துப்போய் வரும் என்றல்லவா நினைத்தேன்? முன்னே இருந்தது ஒரு மங்கல் சிவப்பு, துருப்பிடித்த மாதிரி. இப்போது வந்தது செம்பருத்தி! அறையில் இருந்த ராஜா காலத்துக் கொடிகளெல்லாம் அதற்கு முன்னால் சாம்பிப்போய்விட்டன. இது இத்தனை நாளும் என் நூலுக்குள்ளேயேதான் இருந்திருக்கிறது! நான் அந்த அம்மாளைக் கையெடுத்துக் கும்பிட்டேன். அவரும் கும்பிட்டார், கையைத் தலைக்கு மேலே தூக்கி.

காயவிடச் சொன்னார்கள். எனக்குப் பொறுக்குமா? சொட்டச் சொட்ட அதை வெள்ளைச் சட்டையின் மேல் மாலையாகப் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினேன். மழை தூறிக்கொண்டிருந்தது. பிராக் நகரமே திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும்! "அண்ணாச்சி, மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரில்லா இருக்கு. ஊருக்குத் தந்தி அடிக்கணும்லா, தபால் ஆபீஸ் எங்கனன்னு கேளுங்க" என்று சண்முகையா பின்னால் ஓடி வந்தான், அவன் பின்னால் ஹெலெனா.

தபால் ஆபீஸில் வெள்ளைப் பளிங்குக் கல்லில் மேடை. ஊருக்குத் தந்தி கொடுக்க அதன்மேல் சாய்ந்து நின்றேன். நூலிலிருந்து தண்ணீர் மேடையெல்லாம் சொட்டியது. உள்ளே இருந்த பெண் முகத்தைச் சுளித்தாள். ஒரு வெள்ளைத் துணியை எடுத்து என் முன்னால் அழுத்தித் துடைத்தாள். நான் என்ன சொல்ல வந்தேன் என்பதே மறந்துபோய் அந்தத் துணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் அதைப் பிழிந்து உதறி, விரித்து, ஓரமாகக் காயப்போட்டாள். ஒரு பொட்டுச் சிவப்பு இல்லை, பால் மாதிரி இருந்தது.

"என்ன எழுத வேண்டும் ஐயா?" என்றாள் ஹெலெனா.

"பட்டறைக்கு எழுது தாயி. பெரிய அண்டாவை இறக்கிக் கழுவு. அடுப்பைப் பத்த வை."